ஒரு பக்கம் ஜில், மறு பக்கம் வெக்கை: கார் ஏசியில் கேஸ் நிரப்பும் முன் பார்க்க வேண்டியவை

(நமது சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

மாரமங்கலத்துக் குளிரில் உட்கார்ந்துகொண்டு கார் ஏசியைப் பற்றிப் பேச வந்திருக்கிறானே என்று சிலர் நினைக்கலாம். நாம் ஏசி போடுவது பெரும்பாலும் மலை இறங்கிய பிறகுதான். 20 கொண்டை ஊசி வளைவும் முடிந்து, அடிவாரத்தில் சேலத்து வெயில் முகத்தில் அடிக்கும்போதுதான் பட்டனை அழுத்துகிறோம். ஓட்டுகிறவருக்கு ஜில்லென்று வருகிறது, பக்கத்து சீட்டில் இருக்கிற வீட்டம்மாவுக்கு வெறும் காற்று. ஒர்க்‌ஷாப்புக்குப் போனால் முதல் வார்த்தையே, "கேஸ் கம்மியா இருக்கு சார், நிரப்பிடலாம்."

நான் மெக்கானிக் இல்லை, பி.காம். படித்துவிட்டு வங்கியில் பேரேடு பார்த்தவன். எனக்குப் புரிந்தவரை ஏசி கேஸ் பெட்ரோல் மாதிரி எரிந்து தீர்கிற சரக்கு இல்லை. மூடிய குழாய்க்குள் சுற்றி வருவது. வருஷக்கணக்கில் கொஞ்சம் குறையலாம். வருஷா வருஷம் நிரப்ப வேண்டியிருந்தால் ஓட்டை இருக்கிறது என்று அர்த்தம். வவுச்சர் இல்லாமல் பணம் குறைந்தால் கல்லாவை நிரப்பிவிட்டா போவோம்?

கேஸ் குறைந்தால் ஏன் ஒரு பக்கம் மட்டும் சூடாகிறது? டேஷ்போர்டுக்குப் பின்னால் இருக்கும் கூலிங் காயிலில் கேஸ் திரவமாக ஒரு முனையில் நுழைந்து, ஆவியாகிக்கொண்டே போகிறது. அந்த ஆவியாதல்தான் குளிர்ச்சி. திரவம் குறைவாக இருந்தால் பாதி வழியிலேயே தீர்ந்துவிடும். மீதிக் காயில் குளிராது. அந்தப் பக்கத்துக் காற்று வெதுவெதுப்பாக வரும்.

ஆனால் காரணம் அது ஒன்றே இல்லை. இரண்டு பக்கத்துக்கும் தனித்தனியாக வெப்பநிலை வைக்கும் வசதியுள்ள கார்களில், குளிர்காற்றையும் ஹீட்டர் காற்றையும் கலக்கும் சின்னக் கதவு பக்கத்துக்கு ஒன்று உண்டு. அதைத் திருப்பும் குட்டி மோட்டார் கெட்டால் அந்தப் பக்கம் மட்டும் சூடாகும். டேஷ்போர்டுக்குள் 'டக் டக்' என்று சத்தம் கேட்டால் முதல் சந்தேகம் அதன் மேல்தான். இதற்குப் போய் கேஸ் நிரப்பினால் பணம் தண்டம்.

வீட்டிலேயே பிரித்துப் பார்க்கலாம். சமையலுக்கு விற்கும் குச்சி மாதிரியான டிஜிட்டல் தெர்மாமீட்டர் போதும். மலை மேல் சோதித்துப் பயனில்லை, சேலம் போகும் நாளில் செய்யுங்கள். நிழலில் நிறுத்தி, குளிரைக் கடைசி அளவுக்கு வைத்து, உள்காற்று சுழலும் பட்டனைப் போட்டு, எஞ்சினைக் கொஞ்சம் ரேஸ் செய்து பத்து நிமிடம் ஓடவிடுங்கள். பிறகு ஒவ்வொரு துவாரத்திலும் அளந்து எழுதுங்கள். இரண்டு மூன்று டிகிரி வித்தியாசம் சகஜம். அதற்கு மேல் நன்றாக விலகி இருந்தால் கவனிக்க வேண்டும். அடுத்து, சூடான பக்கத்தை மட்டும் முழுச் சூட்டுக்கும் மறுபடி முழுக் குளிருக்கும் மாற்றிப் பாருங்கள். காற்று துளிகூட மாறவில்லையா, கதவைப் பார்க்கச் சொல்லுங்கள். மாறுகிறது, ஆனால் சரியாகக் குளிரவில்லை என்றால் கேஸைப் பார்க்கலாம். ஓடும்போது குளிர்ந்து, சிக்னலில் நின்றால் எல்லாப் பக்கமும் சூடாவது வேறு கதை. அது பெரும்பாலும் முன்பக்க ஃபேன் அல்லது தூசி அடைத்த கண்டென்சர். எல்லாத் துவாரத்திலும் காற்றே குறைவென்றால் கேபின் ஃபில்டர்.

கேஸ்தான் என்று முடிவானால் மூன்று விஷயம் கேளுங்கள்: கசிவு எங்கே, பழைய கேஸை வெளியே எடுத்து எடை போட்டீர்களா, புதிதாக எத்தனை கிராம். சரியான அளவு பல கார்களில் பானெட்டுக்கு அடியில் ஸ்டிக்கரில் இருக்கும். பிரஷர் மீட்டரை மட்டும் பார்த்து நிரப்பினால் கூடுதலாகப் போய்விடலாம், அப்போதும் குளிராது. பழைய கேஸைக் காற்றில் திறந்துவிடவும் விடாதீர்கள். பல கார்களில் இருக்கும் ஆர்-134ஏ, அதே எடையுள்ள கார்பன் டை ஆக்சைடைப் போல ஆயிரம் மடங்குக்கு மேல் பூமியைச் சூடாக்கும்.

இன்னொன்று, இது நம் மலைக்காரர்களுக்கே உரியது. மாதக்கணக்கில் ஏசி போடாவிட்டால் கம்ப்ரசரின் சீலுக்கு எண்ணெய் போகாமல் காய்ந்து, கசிய ஆரம்பிக்கலாம். குளிர்காலத்திலும் வாரம் ஒருமுறை பத்து நிமிடம் போடுங்கள். மூடுபனியில் கண்ணாடியின் உள்பக்கம் வேர்க்கும்போதும் ஏசிதான் காற்றின் ஈரத்தை எடுக்கும். வெளிக்காற்றைத் திறந்து, ஹீட்டரையும் சேர்த்துப் போட்டால் சீக்கிரம் தெளியும். கொண்டை ஊசி வளைவில் எதிரே பஸ் வரும்போது கைக்குட்டையால் கண்ணாடி துடைத்துக்கொண்டிருக்க முடியாது.

தெர்மாமீட்டர் ஒன்று என்னிடம் இருக்கிறது. வேண்டியவர்கள் காலை பத்து மணிக்கு மேல் வந்து வாங்கிக்கொள்ளலாம், நோட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு.