புங்கங்கொட்டையும் அளவறிந்த அறிவும்



1900-ஆம் ஆண்டு பாரிசுப் பொருட்காட்சியில் டீசல் எந்திரமொன்று நிலக்கடலை எண்ணெயால் இயங்கிற்று. நம் செங்கோட்டைச் சாலையோரப் புங்கெண்ணெயும் எரிபொருளாகும். எனினும் அதன் கெட்டித்தன்மை எந்திரத்தை அடைக்கும். மெத்தனாலும் சிறிது எரிசோடாவும் சேர்த்து, ஏறத்தாழ 60 பாகை வெப்பத்தில் கலக்கி நிறுத்தின், உயிரி டீசல் மேலாகவும் கிளிசரின் கீழாகவும் பிரியும்.

ஆயின், கொட்டையை ஈரத்தோடு குவித்துவைத்தால் எண்ணெயில் அமிலம் பெருகும்; எரிசோடா அதனோடு கூடிச் சோப்பாகும்; டீசல் குறையும். ஆதலின் விளைச்சலின் முதற்காவல், கொட்டையை வெயிலில் உலர்த்தும் கைகளே.

அக்கைகள் நம் தாய்மாருடையவை. அமிலத்தை அளக்கவோ பியூரெட்டும் பினாப்தலீனும் போதும். மேனிலைப் பள்ளி மாணவர் அறிந்த சோதனையே அது. பொறுக்கும் கை தாயினுடையதாயின், அளக்கும் அறிவு பிள்ளையினுடையதாகுக! அன்று தரத்திற்கேற்ற விலையை நாமே கேட்டுப் பெறுவோம்.