நோயாளியின் ஏடு யாருக்குரியது?

(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய சொற்பொழிவு)



மருத்துவரும் வழக்கறிஞரும் பேச வேண்டிய பொருளை நாம் எடுத்துக்கொண்டது ஏன் எனச் சிலர் எண்ணக்கூடும். சென்ற ஆண்டு நம் காலனியில் நிகழ்ந்ததே காரணம். நம்மவர் ஒருவருக்கு அவசரமாக இரத்தம் தேவைப்பட்டது. உடனே வாட்ஸ்அப் குழுவில் செய்தி விடுத்தோம். படிப்போர்க்கு நம்பிக்கை உண்டாகட்டும் என்று அவருடைய பரிசோதனை அறிக்கையையும் படமெடுத்து இணைத்தோம். இரத்தம் கிடைத்தது, அவர் பிழைத்தார். ஆனால் அவர் நோயின் பெயர் அன்றிரவே அவருடைய சொந்த ஊர்வரை சென்றுவிட்டது. அவர் வீடு திரும்பியபின், அவ்வீட்டுப் பிள்ளைகளோடு விளையாட நம் பிள்ளைகளை நாம் அனுப்பவில்லை. அது தொற்றுநோயும் அன்று. உதவியவர்களும் நாமே, புண்படுத்தியவர்களும் நாமே. இரத்த வகையும் மருத்துவமனையின் பெயரும் போதாவா? அவருடைய இசைவு பெற்றே இதனைச் சொல்கிறோம். நோயின் பெயரை இங்கும் சொல்லோம்.

கணினி வந்தது குற்றமன்று. மாற்றல்தோறும் பழைய மருந்துச் சீட்டுகளைத் தொலைத்துவிட்டு, செய்த பரிசோதனையையே மீண்டும் செய்துகொண்டவர்கள் நாம். 2021 செப்டம்பர் 27 அன்று நாடெங்கும் தொடங்கப்பெற்ற ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் திட்டம் இக்குறையைத் தீர்க்க முயல்கிறது. அதன்படி 14 இலக்கங்கள் கொண்ட ஆபா எண் வழங்கப்படுகிறது. அதனைப் பெறுவது அவரவர் விருப்பம். ஏடுகள் அவை எழுதப்பட்ட மருத்துவமனையிலேயே இருக்கும். நம் இசைவின் பேரிலேயே பிறர்க்குச் செல்லும். தந்த இசைவைத் திரும்பப் பெறவும் வழியுண்டு.

ஆனால் அந்த இசைவை நாம் எவ்வாறு தருகிறோம்? மொழி தெரியாத ஊரில், கவுண்டரில் கேட்டவுடன் தொலைபேசிக்கு வந்த ஓடிபி எண்ணைச் சொல்லிவிடுகிறோம். அலுவலகத்தில் ஒரு கோப்பு மேசை மாறினாலும் கையொப்பம் கேட்கும் நாம், நம் உடம்பின் கோப்பை யார் எடுத்துச் செல்கிறார் என்று கேட்பதில்லை. அந்தச் சில இலக்கங்களே நம் கையொப்பம் என்பதை மறத்தல் கூடாது.

சட்டம் நம் பக்கம் இல்லாமல் இல்லை. 2002 ஆம் ஆண்டின் மருத்துவ நெறிமுறைகளின்படி, நோயாளி தம் ஏட்டைக் கேட்டால் 72 மணி நேரத்திற்குள் தருதல் வேண்டும். அந்தரங்கம் அடிப்படை உரிமையே என்று 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாகத் தீர்ப்பளித்தனர். தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023 இல் இயற்றப்பட்டது. தரவைக் காக்கத் தவறும் நிறுவனத்திற்கு 250 கோடி ரூபாய் வரை தண்டம் விதிக்க அதில் இடமுண்டு.

எனினும் சட்டம் மட்டும் காவலாகாது. 2022 நவம்பரில் தில்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் கணினிகள் தாக்கப்பட்டு முடங்கின. பல நாட்கள் அங்கே கையாலேயே எழுதிப் பணி நடத்தினர். பெருநிலையத்திற்கே அந்நிலை எனின், நம் கைப்பேசிக்கு என்ன காவல்?

ஆகவே இவ்வாண்டு விழாவில் மூன்று உறுதிகள் பூணுவோம். பிறர் அறிக்கையை அவரைக் கேளாமல் அனுப்போம். ஓடிபி கேட்பவரிடம் எதற்கு எனக் கேட்டபின்னரே சொல்வோம். மொழி தெரியாத நம் தாய்மார்க்கு, படிவத்தில் உள்ளதைப் படித்துச் சொல்ல நம் இளைஞர் ஒருவரை உடன் அனுப்புவோம். அவரும் அங்கே கண்டதை வெளியே சொல்லாதிருப்பார்.

உயிரைக் காப்பது கடமை. பிழைத்தவர் தலைநிமிர்ந்து நம்மிடையே நடமாடச் செய்வதும் அக்கடமையின் பகுதியே.