ஒரே தெரு, இரண்டு குழாய்



லண்டனில் தேம்ஸ் நதியின் தென்கரையில் சதர்க், லாம்பெத் என்ற பேட்டைகளில் உழைப்பாளி ஜனங்கள் நெருக்கியடித்து வாழ்ந்தார்கள். விக்டோரியா ராணியின் ஆட்சியில், 1854-ல், அங்கே காலரா புகுந்தது. அந்தக் கதையைத்தான் இன்று சொல்ல வந்திருக்கிறோம்.

கெட்ட காற்றால் காலரா வருகிறது என்றார்கள் பெரும்பாலான டாக்டர்கள். ஏழைகளின் அழுக்கும் குடியுமே காரணம் என்று சொன்ன கனவான்களும் உண்டு. (நமக்குக் கேட்டுப் பழகிய பேச்சுத்தான்!)

ஜான் ஸ்னோ என்ற டாக்டர், தாமே ஒரு கூலித் தொழிலாளியின் மகன், வேறு விதமாக யோசித்தார். அந்தப் பேட்டைகளில் ஒரே தெருவில் இரண்டு கம்பெனிகளின் குழாய்கள் ஓடின. ஒரே காற்று, ஒரே வறுமை. தண்ணீர் மட்டும் வேறு. லாம்பெத் கம்பெனி 1852-லேயே நகரச் சாக்கடைக்கு எட்டாத மேல்நதிக்குப் போய்விட்டது. சதர்க்-வாக்ஸால் கம்பெனியோ, லண்டனின் மலம் கலந்த இடத்திலேயே, பாட்டர்ஸீயில், தண்ணீர் இறைத்து விற்றது. மேல்நதிக்குப் போக வேண்டும் என்று 1852-ல் பார்லிமெண்டு சட்டம் போட்டதே? போட்டது. 1855 வரை தவணையும் கொடுத்தது. காலரா 1854-ல் வந்துவிட்டது.

ஸ்னோ சாவு நடந்த வீடுகளில் ஏறி இறங்கினார். எந்தக் கம்பெனித் தண்ணீர் என்று பலருக்குத் தெரியவில்லை. வரி கட்டியவன் வீட்டுக்காரன். அதனால் தண்ணீரைக் குப்பியில் பிடித்து உப்பைச் சோதித்தார். கடல் ஏற்றம் எட்டுகிற பாட்டர்ஸீத் தண்ணீரில் உப்பு ஏறக்குறைய நாற்பது மடங்கு!

முதல் ஏழு வாரக் கணக்கைக் கேளுங்கள். சதர்க்-வாக்ஸால் தண்ணீர் குடித்த வீடுகளில் 1,263 பேர் மாண்டார்கள். பத்தாயிரம் வீட்டுக்கு 315 சாவு. லாம்பெத் தண்ணீர் குடித்த வீடுகளில் 98 பேர். பத்தாயிரம் வீட்டுக்கு 37.

இதற்குப் பிறகாவது கம்பெனிகள் திருந்தினவா? 1866-ல் கிழக்கு லண்டனில், துறைமுகக் கூலிகள் வாழும் பகுதிகளில், மறுபடி காலரா. அங்கே தண்ணீர் விற்ற கம்பெனியின் இன்ஜினீயர், வடிகட்டாத தண்ணீர் ஒரு சொட்டுகூடத் தரவில்லை என்று பத்திரிகைக்கு எழுதினார். ஜனங்களின் குழாயிலோ விலாங்கு மீன் வந்தது! திறந்த குளத்துத் தண்ணீரை வடிகட்டாமல் விட்டது விசாரணையில் அம்பலமாயிற்று. அந்த வருஷம் லண்டனில் ஐயாயிரம் பேருக்கு மேல் காலராவில் மாண்டார்கள். பெரும்பாலோர் கிழக்கு லண்டன்வாசிகள்.

1904-ல்தான் தண்ணீர்க் கம்பெனிகள் பொது வாரியத்தின் கைக்கு வந்தன. பங்குதாரர்களுக்குக் கோடிக்கணக்கான பவுன் நஷ்டஈடு கிடைத்தது. 1989-ல் தாட்சர் சர்க்கார் அதே தண்ணீரை மீண்டும் பங்குதாரர்களுக்கு விற்றது.