சாரதியில்லா வண்டியும் கணித நிறுவலும்

(எமது சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சு)



பாடசாலையிலே கேத்திரகணிதம் கற்ற காலத்தில், முக்கோணத்தின் மூன்று கோணங்களும் சேர்ந்து இரண்டு செங்கோணங்களாகும் என்பதை நாமெல்லாம் நிறுவியிருக்கின்றோம். ஆயிரம் முக்கோணங்களை வரைந்து அளந்தாலும் ஆயிரத்தோராவதைப் பற்றி உறுதி கூறவியலாது. நிறுவலோ வரையப்படாத முக்கோணங்களையும் தன்னுள் அடக்கிவிடுகின்றது. "இதனால் என்ன பயன், சேர்?" என்று அன்று கேட்டவர்கள் எம்முள்ளும் உளர். அதற்கு விடை இன்று பாரிஸ் நகரின் நிலத்தின் கீழே ஓடுகின்றது.

முதலில் ஒரு நட்டத்தின் கதை. 1996ஆம் ஆண்டு ஜூன் 4ஆம் திகதி, ஐரோப்பிய நாடுகள் கூடி ஆக்கிய ஏரியான் 5 என்னும் ரொக்கெற் முதன்முதலாக எழுந்து, ஏறத்தாழ நாற்பது விநாடியில் வானிலே சிதறிற்று. காரணம் மிகச் சிறியது. கிடைவேகத்தோடு தொடர்புடைய எண்ணொன்றை, 32,767க்கு மேற்பட்ட எண் கொள்ளாத இடத்தில் இடும்படி கணினியின் செய்நிரலிலே எழுதியிருந்தனர். அது ஏரியான் 4இற்காக எழுதியது. அதன் பாதையில் அவ்வெண் அவ்வளவு பெருகாது. ஆகவே காவலின்றி விட்டிருந்தனர். புதிய ரொக்கெற்றோ வேகம் கூடியது. ஒன்று பழுதுற்றால் உதவட்டும் என்று வைத்த மற்றக் கணினியும் அதே செய்நிரலைக் கொண்டிருந்தமையால் அதே பிழையில் வீழ்ந்தது. எம்மை வருத்துவது யாதெனில், ரொக்கெற் எழுந்தபின் அந்தக் கணக்கே தேவையில்லை! நல்லவேளை, அதில் மனிதர் எவரும் இருக்கவில்லை.

பாரிஸ் மெற்றோவின் 14ஆம் பாதையில் மனிதர் இருக்கின்றனர், சாரதிதான் இல்லை. 1998 ஒக்டோபரில் திறந்த அப்பாதையின் பாதுகாப்புச் செய்நிரலை, ஜோன் றேமோன் அப்ரியால் என்னும் பிரெஞ்சு அறிஞர் வகுத்த 'பி' முறையால் ஆக்கினர். பின்வண்டி முன்வண்டியோடு மோதலாகாது, ஓடும் வண்டியின் கதவு திறக்கலாகாது என்பன போன்ற விதிகளை முதலிலே கணித மொழியில் எழுதினர். அவற்றிலிருந்து படிப்படியாகச் செய்நிரலை இறக்கி, ஒவ்வொரு படியும் முன்னையதற்கு முரணாகாது என நிறுவினர். நிறுவ வேண்டியிருந்தவை ஏறத்தாழ 27,800. பத்தில் ஒன்பது பங்களவை இயந்திரமே நிறுவிற்று. எஞ்சியவற்றோடு மனிதர் மல்லாடினர். கிடைத்த 86,000 வரிகளில், நிறுவலின் பின் நடந்த சோதனைகளிலே ஒரு பிழையேனும் அகப்படவில்லை. உறுப்புறுப்பாகச் சோதிக்கும் வழமையான வேலையையே அவ்வரிகளுக்குக் கைவிட்டனர் என்றால் பாருங்கள்.

"அப்படியாயின் இனி விபத்தே இல்லையோ?" என்று பெரியோர் கேட்கலாம். நிறுவல் காப்பது எழுதிய விதியை மாத்திரமே. எழுத மறந்ததை அது கேட்டுத் தராது. தண்டவாளத்தின் தேய்வையோ தடுப்புக் கருவியின் பழுதையோ தானாக அறியாது. அதனாலேதான் அங்கும் வெறும் வண்டிகளைப் பலகாலும் ஓட்டிப் பார்த்த பின்னரே பயணிகளை ஏற்றினார்கள்.