சாவித் துவாரத்தின் வழியே

பூட்டிய அறைக்குள் என்ன இருக்கிறது என்று அறிய விரும்பும் சிறுவன் சாவித் துவாரத்தில் கண்ணை வைத்துப் பார்க்கிறான். பார்த்ததும் அவன் ஆவல் அடங்கிவிடுகிறது. ஆனால் அதே துவாரத்தின் வழியாகக் கருவியை நுழைத்து, உள்ளே இருக்கும் ஒரு பொருளை, பக்கத்துப் பொருள்கள் கலையாமல் எடுத்துவர வேண்டுமென்றால்? அத்தகைய காரியத்தைத்தான் இன்றைய மருத்துவர்கள் மனித வயிற்றினுள் செய்துவருகிறார்கள். அவற்றுள் மிகக் கடினமான ஒன்றாகிய மலக்குடற் புற்றுநோய் அறுவையைப் பற்றிச் சில சொற்கள் கூற விரும்புகிறேன்.

எனக்குத் தெரிந்த பெரியவர் ஒருவருக்கு இந்நோய் வந்தது. மருத்துவரிடம் அவர் கேட்ட முதற் கேள்வி, "துவாரம் எவ்வளவு சிறியதாக இருக்கும்?" என்பதுதான். அந்தக் கேள்வி சரியானதுதானா என்பதையே நாம் ஆராய வேண்டும்.

மலக்குடல் பெருங்குடலின் கடைசிப் பகுதி. ஏறத்தாழ 15 சென்டிமீட்டர் நீளமுள்ளது. இடுப்பெலும்பாகிய குறுகிய கிண்ணத்தின் அடியில் அமைந்திருக்கிறது. முன்னே சிறுநீர்ப்பையும் பிறப்புறுப்புகளும். பின்னே முதுகெலும்பின் அடிப்பகுதி. இருமருங்கிலும் அவ்வுறுப்புகளை ஆளும் மெல்லிய நரம்புகள். கத்தி சற்றே விலகினாலும் கேடு விளையும்.

லண்டன் மருத்துவர் ஏர்னஸ்ட் மைல்ஸ், 1908-ம் ஆண்டில், வயிற்றின் வழியாகவும் ஆசனவாய்ப் புறமாகவும் அறுத்து மலக்குடல் முழுவதையும் எடுத்துவிடும் முறையை வெளியிட்டார். நோயாளி பிழைத்தார், ஆனால் ஆயுள் முழுதும் வயிற்றில் அமைத்த திறப்பின் வழியாகவே மலம் கழிய வேண்டியதாயிற்று. பிற்காலத்தில் குடலை மீண்டும் இணைக்கும் வழிகள் பிறந்தன. எனினும் பலருக்கு அறுத்த இடத்திலேயே நோய் திரும்பத் தலைகாட்டியது.

அது ஏன்? விடையைத் தெளிவாக்கியவர் இங்கிலாந்தில் பேசிங்ஸ்டோக் நகரில் பணியாற்றிய பில் ஹீல்ட். மலக்குடலைச் சூழ்ந்து ஒரு கொழுப்பு உறை உண்டு. அதனுள் நிணநீர் முடிச்சுகள் இருக்கின்றன. புற்றணுக்கள் அங்கும் சென்று தங்கக்கூடும். கொட்டையை மட்டும் பிடுங்காமல் பலாச்சுளையை முழுதாக எடுப்பதுபோல, அந்த உறையின் மெல்லிய சவ்வு கிழியாமல் குடலையும் உறையையும் ஒருசேர எடுக்க வேண்டும் என்று அவர் 1982-ல் எழுதினார். நோய் அதே இடத்தில் திரும்புவது இம்முறையால் வெகுவாகக் குறைந்தது.

இனிச் சாவித் துவாரத்துக்கு வருவோம். ஸ்டாக்ஹோம் நகரின் ஜேக்கபேயஸ் 1910-ம் ஆண்டிலேயே குழாய் வழியே மனித வயிற்றினுள் நோக்கிய விவரத்தை வெளியிட்டார். 1980-ல் ஜெர்மனியின் கீல் நகரில் குர்ட் செம் என்பவர் அவ்வழியே குடல்வாலை அகற்றினார். 1990-க்குப் பின் குடற்புற்றுக்கும் அம்முறை வந்தது. வயிற்றைக் கரியமில வாயுவால் உப்பச் செய்து, விரலளவும் இல்லாத சில துளைகளின் வழியே ஒரு காமிராவையும் நீண்ட கருவிகளையும் செலுத்துகிறார்கள். அந்த வாயு தீப்பற்றாது. இரத்தத்தில் எளிதில் கரைந்து மூச்சோடு வெளியேறிவிடும். இடுப்பின் இருண்ட மூலையும் திரையில் பெரிதாகத் தெரிகிறது. அகற்றிய பகுதியை வெளியே எடுக்க மட்டும் சற்றுப் பெரிய கீறல் ஒன்று வேண்டும்.

வடு சிறிதாயிற்று, நோய் ஒழிந்ததா? மருத்துவ உலகம் இதனைச் சோதித்தே பார்த்தது. 8 நாடுகளில் 1,044 நோயாளிகளிடம் நடந்த ஆய்வில், சாவித் துவார முறையில் நேரம் கூடுதலாயினும் இரத்த இழப்பு குறைந்தது; நோயாளி விரைவில் வீடு திரும்பினார். 3 ஆண்டுகளுக்குப் பின், அதே இடத்தில் நோய் திரும்பியவர் இருமுறைகளிலும் 100-க்கு 5 பேரே என்று 2015-ல் அறிவித்தார்கள். ஆனால் அவ்வாண்டிலேயே வட அமெரிக்காவிலிருந்தும் ஆஸ்திரேலியா, நியூசிலாந்திலிருந்தும் வேறு இரு ஆய்வுகள் வெளியாயின. அகற்றிய பகுதிகளை நுணுகிப் பார்த்தபோது, புதுமுறை பழைய முறைக்குக் குறைந்ததன்று என்று உறுதி கூற இயலவில்லை என்றன அவை. அந்நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்தவர்கள், நோயின்றி வாழ்வதில் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணவில்லை என்று 2019-ல் தெரிவித்தனர்.

இதிலிருந்து நான் அறிவது ஒன்று. நோயாளியைக் காப்பது துவாரத்தின் சிறுமை அன்று. உள்ளே சவ்வு கிழியாமல் பணி முடிக்கும் பயின்ற கைகளே. இடையில் தடை நேர்ந்தால் வயிற்றைத் திறந்துவிடுவது தோல்வியன்று, விவேகம்.

அந்தப் பெரியவருக்குச் சாவித் துவாரம் உதவவில்லை. மலத்தில் இரத்தம் கண்டும், மூலநோய் என்று தாமே முடிவு கட்டி, வெட்கத்தால் ஓராண்டு மறைத்துவிட்டார். கட்டி உறையின் விளிம்பைத் தொட்டுவிட்டது. கதிர்ச் சிகிச்சைக்குப் பிறகு பெரிய அறுவையே செய்ய நேர்ந்தது.

மாணவ நண்பர்களே, மலத்தில் இரத்தமோ, மலங்கழிக்கும் வழக்கத்தில் நீடித்த மாறுதலோ உங்கள் இல்லத்தில் எவருக்கேனும் இருந்தால், மருத்துவரிடம் செல்லுமாறு தயங்காமல் சொல்லுங்கள். எல்லா இரத்தமும் புற்றுநோய் ஆகாது. ஆனால் அதைத் தீர்மானிக்க வேண்டியது வெட்கம் அன்று, பரிசோதனை. "துவாரம் எவ்வளவு சிறியது?" என்று கேட்பதற்கு முன், "காலத்தோடு வந்தோமா?" என்று கேட்பதே அறிவுடைமை.