வீதி அகலமானால் போதுமா?

(சங்கத்தின் ஒன்றுகூடலில் ஆற்றிய உரை. புத்தாண்டு மலருக்காக எழுதித் தந்தது.)

 

எனக்கு மேடையில் பேசிப் பழக்கமில்லை. ஏ.எல். சோதனையோடு படிப்பை விட்டவன் நான். கேட்டிக்கு வந்த நாள் முதல் தொழிற்சாலையிலே பெட்டி அடைக்கிற இடத்தில் நிற்கிறேன். வீதி போடுவது பற்றிக் கதைக்க இவனுக்கு என்ன தகுதி என்று நீங்கள் யோசிக்கலாம். ஒரே ஒரு தகுதிதான் உண்டு. நான் அந்த வீதியால் ஒவ்வொரு நாளும் வேலைக்குப் போய் வருகிறேன். என்ரை அம்மா அதே வீதியைக் கால்நடையாகக் கடக்கிறா.

விஷயம் இதுதான். சில மாதங்களுக்கு முன் எங்கள் வீட்டுத் தபால்பெட்டியில் ஓர் அட்டை கிடந்தது. எங்கள் குடியிருப்புக்கு முன்னால் போகிற இரண்டு லேன் வீதியைப் பெருப்பிக்கப் போகிறார்களாம், பள்ளிக்கூட மண்டபத்தில் வரைபடங்களை வைப்பார்களாம், வந்து கருத்துச் சொல்லட்டாம். விளம்பரமாக்கும் என்று குப்பையில் போடப் போனேன். அம்மாதான், "என்னெண்டு வாசிச்சுப் பார் மோனே" என்று சொன்னா. வீதியின் பெயரை நான் இங்கே சொல்லவில்லை. இந்த ஊரிலே இன்றைக்கு எந்த வீதியை எடுத்தாலும் கதை ஒன்றுதான்.

முதலில் எங்கள் ஊரின் கதையைக் கொஞ்சம் பார்ப்போம். கேட்டி என்ற பெயரே போக்குவரத்தால் வந்தது. மிசூரி-கன்சாஸ்-டெக்சாஸ் ரயில் பாதையைச் சனங்கள் சுருக்கி "கே.டி." என்று கூப்பிட, 1896 இல் ஊருக்கும் அதுவே பெயராக நிலைத்தது என்கிறார்கள். அதன்பிறகு இது நெல் விளைகிற ஊராக இருந்தது. பழைய கேட்டியிலே உயர்ந்து நிற்கிற நெல் உலர்த்தும் கட்டிடங்களைப் பார்க்கிறபோது எனக்குக் கிளிநொச்சி ஞாபகம் வரும். 2000 ஆம் ஆண்டிலே நகர எல்லைக்குள் 11,775 பேர் இருந்தார்கள். 2020 கணக்கெடுப்பில் 21,894 பேர். எங்களைப் போல எல்லைக்கு வெளியே "கேட்டி" என்று முகவரி எழுதுகிற ஆக்களைச் சேர்த்தால் தொகை பல லட்சம். சனம் பெருகியது, வயல்கள் வீடுகளாயின. வீதிகள் மட்டும் வயலுக்குப் போட்ட இரண்டு லேனிலேயே கனகாலம் கிடந்தன.

பெரிய நெடுஞ்சாலையைப் பெருப்பித்த கதை உங்களுக்குத் தெரியும். ஹூஸ்டன் நகருக்கும் கேட்டிக்கும் இடையிலான ஐ-10 நெடுஞ்சாலையை 2003 தொடங்கி 2008 வரை பெருப்பித்தார்கள். செலவு ஏறத்தாழ 280 கோடி டொலர். பக்கச் சாலைகளையும் சேர்த்து எண்ணினால் அகன்ற இடத்திலே 26 லேன். அந்த ரயில் பாதை கிடந்த நிலமும் அதற்குள் போய்விட்டது. ரயிலுக்கு இடம் விடுங்கோ, நெடுஞ்சாலையைத் தாழ்த்திக் கட்டுங்கோ என்று அன்றைக்கே கேட்ட சனங்கள் இருந்தார்கள். அது நடக்கவில்லை.

பலன் என்ன? திறந்த புதிதிலே நல்ல ஆறுதல் இருந்தது. பிறகு 2011 க்கும் 2014 க்கும் இடையில் காலைப் பயண நேரம் 30 வீதமும் மாலைப் பயண நேரம் 55 வீதமும் கூடியது என்று ஹூஸ்டன் போக்குவரத்துக் கணக்கை வைத்தே காட்டினார்கள். வீதி அகலமானதும் அதை நம்பித் தூரத்தில் வீடு கட்டினார்கள். வீடு வந்ததும் கார் வந்தது. எங்கள் குடியிருப்பும் அப்படி வந்ததுதான், அதை மறைக்கக்கூடாது. மறுபக்க நியாயமும் உண்டு. பெருப்பித்தபடியால்தான் முன்னையைவிட எத்தனையோ மடங்கு சனம் இந்தப் பக்கம் குடியிருக்க முடிகிறது, பெருப்பிக்காவிட்டால் இன்னும் மோசமாய் இருந்திருக்கும் என்று சொல்லுகிறவர்களும் இருக்கிறார்கள். எனக்கு அதிலே விளங்கியது இவ்வளவுதான்: லேன் கூடினால் நெரிசல் தீரும் என்பது எழுதி வைத்த விதி இல்லை. எதற்காக, யாருக்காகக் கூட்டுகிறோம் என்று முதலில் கேட்க வேண்டும்.

இனிப் பள்ளிக்கூட மண்டபத்துக்கு வருவோம். பின்னேர ஷிஃப்டுக்கு ஒரு மணித்தியாலம் பிந்தி வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனேன். மூன்று வரைபடங்களை நிறுத்தி வைத்திருந்தார்கள்.

முதலாவது, ஐந்து லேன். போக இரண்டு, வர இரண்டு, நடுவிலே மஞ்சள் கோடு போட்ட பொது லேன். இரண்டு பக்கத்தில் இருந்து வருகிறவர்களும் இடப்பக்கம் திரும்ப அதற்குள் வந்து நிற்கலாம். எங்கடை ஊரிலே வலப்பக்கம் திரும்புவதுதான் கஷ்டம், இஞ்சை இடப்பக்கம். கடைக்காரருக்கு இந்தப் படம் விருப்பம், எந்த வாசலுக்கும் நேரே திரும்பலாம். ஆனால் ஒரே லேனுக்குள் எதிரெதிரே இரண்டு கார் வரும். நடந்து கடக்கிறவருக்கு ஒதுங்க இடமில்லை.

இரண்டாவது, நான்கு லேனும் நடுவிலே உயர்த்திக் கட்டிய திட்டும். குறிப்பிட்ட இடங்களில் மட்டும் திட்டைத் திறந்து விடுவார்கள். கரையில் நடைபாதை. இதிலே குறை என்னவென்றால், உங்கள் வாசல் திறப்புக்கு நேரே இல்லாவிட்டால் தாண்டிப் போய் யூ வளைவு எடுத்துத் திரும்பி வரவேண்டும்.

மூன்றாவது, ஆறு லேன். இரண்டு கரையிலும் கூடுதல் நிலம் வேண்டும். மரங்கள் போகும்.

உண்மையைச் சொல்கிறேன். நான் போனதே ஆறு லேன் கேட்கத்தான். வேலை முடிந்து வந்து, விடியப் பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விட அந்த வீதியில் அரை மணித்தியாலம் நிற்கிறவனுக்கு வேறென்ன வேண்டும்? நித்திரை குறைந்த மனிதன் அகன்ற வீதியைத்தான் கேட்பான்.

அங்கே நின்ற பொறியியலாளப் பெண்மணியிடம், "நெரிசல் எங்கே தொடங்குகிறது?" என்று கேட்டேன். அவ விரலை வைத்தது வீதியில் அல்ல, சந்தியில். எனக்கு உடனே விளங்கிவிட்டது. எங்கள் தொழிற்சாலையிலே மூன்று பட்டியில் பெட்டி வரும். ஆனால் ஒட்டுகிற இயந்திரம் ஒன்று. அது நிமிடத்துக்கு நாற்பது பெட்டிதான் ஒட்டும். நாலாவது பட்டி போட்டாலும் நாற்பதுதான், பெட்டிகள் இயந்திரத்துக்கு முன்னால் குவியும், அவ்வளவுதான். வீதியிலே ஒட்டுகிற இயந்திரம் சிக்னல். பச்சை விளக்கு முழு மணித்தியாலமும் எரிந்தால் ஒரு லேனால் ஏறக்குறைய 1900 கார் போகும். பாதி நேரம் சிவப்பென்றால் அதிலே பாதிதான். ஆகவே சந்தியிலே திரும்புவதற்குத் தனி லேனை நீட்டுவது, சிக்னல் நேரத்தைத் திருத்துவது, இடம் இருந்தால் சுற்றுவட்டம் கட்டுவது, இவையெல்லாம் நடுவழியிலே லேன் கூட்டுவதைவிடக் கூடப் பலன் தரலாம். சிக்னல் சந்தியைச் சுற்றுவட்டமாக மாற்றினால் உயிருக்கும் கைகாலுக்கும் ஆபத்தான விபத்துக்கள் 78 வீதம் குறையும் என்று இந்நாட்டு மத்திய நெடுஞ்சாலை நிர்வாகம் சொல்லுகிறது.

இப்போது அம்மாவின் கதை. எங்கள் பக்கம் பஸ் இல்லை, அம்மாவுக்குக் கார் ஓட்டத் தெரியாது. மரக்கறிக் கடை வீதிக்கு அந்தப் பக்கம். எனக்கு வேலை, மனைவிக்கும் வேலை. யாரையும் பார்த்திருக்காமல் அவ தானாகச் செய்கிற ஒரே பயணம் அதுதான். ஊரிலே கோயில், சந்தை, சொந்தக்காரர் வீடென்று நடந்து திரிந்த மனுசிக்கு இங்கே மிஞ்சியிருக்கிற சுதந்திரம் ஒரு பை கத்தரிக்காய்.

கூட்டம் முடிந்த வந்த ஞாயிறு, அம்மாவைப் பக்கத்திலுள்ள ஆறு லேன் வீதிக்குக் கூட்டிப் போய்க் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு கடந்து பார்த்தோம். கணக்கு இதுதான். ஒரு லேன் 12 அடி. ஆறு லேனும் திரும்புகிற லேன் ஒன்றும் சேர்ந்தால் 84 அடி. நடக்கிறவர் விநாடிக்கு மூன்றரை அடி போவார் என்று வைத்துத்தான் சிக்னலுக்கு நேரம் கணக்கிடுவார்கள். அப்படியானால் 24 விநாடி. முழங்கால் வருத்தம் உள்ள என்ரை அம்மாவுக்கு 32 விநாடி சென்றது. எண்ணிக்கை பூச்சியத்துக்கு வந்தபோது இன்னும் ஒன்றரை லேன் கிடந்தது. ஒரு பிக்கப் வண்டிக்காரன் பொறுமையாய் நின்று, "போங்கோ" என்று கை காட்டினான். அம்மா அவனுக்குக் கும்பிட்டா. எனக்கு வெட்கமாய்ப் போய்விட்டது. அந்த எட்டு விநாடியும் அவவின் உயிர் அவன்ரை நல்ல மனதிலே தொங்கினது.

வீதி நேராயும் அகலமாயும் இருந்தால் கால் தானாக அமத்தும். அது எனக்குத் தெரியும், நானே அமத்துகிறவன். 2011 இல் வந்த ஒரு அமெரிக்க ஆய்வின்படி, மணிக்கு 23 மைல் வேகத்தில் கார் அடித்தால் நடந்து போகிறவர்களில் பத்துப் பேருக்கு ஒருவர் சாவார். 42 மைல் வேகமென்றால் இரண்டு பேருக்கு ஒருவர். நடுவிலே ஒதுங்கி நிற்கத் திட்டு இருந்தால் நடக்கிறவர் படும் விபத்து 56 வீதம் குறையும் என்று நான் முன்னர் சொன்ன நிர்வாகமே கணக்குச் சொல்லுகிறது. அம்மா இரண்டு லேனைக் கடந்து, திட்டிலே நின்று மூச்சு விட்டு, மற்ற இரண்டு லேனைக் கடப்பா. அதற்கு யாரையும் கும்பிடத் தேவையில்லை.

தண்ணீரையும் மறக்கக்கூடாது. 2017 ஓகஸ்ட் ஹார்வி வெள்ளம் உங்களில் பலருக்கு நினைவிருக்கும். பார்க்கர் நீர்த்தேக்கம் பின்பக்கமாய் நிரம்பி வீடுகளுக்குள் வந்தது. இது தட்டையான நெல் நிலம், தண்ணீர் ஓடாது, நிற்கும். ஆறு லேன் என்றால் அவ்வளவு கொங்கிறீட். அதில் விழுகிற மழையைத் தேக்கக் குளம் வெட்ட நிலம் வேண்டும். எந்த வரைபடத்தைக் காட்டினாலும், "குளம் எங்கே?" என்று கேளுங்கோ.

கடைசியாக நான் எழுதிக் கொடுத்தது இரண்டாவது வரைபடத்துக்கு. அதோடு இரண்டு கோரிக்கை: மரக்கறிக் கடைக்கு நேரே திட்டுடன் ஒரு கடவை, சந்தியிலே திரும்பும் லேனை நீட்டுதல். எனக்கு இதிலே நட்டம் உண்டு. எங்கள் குடியிருப்பு வாசல் திறப்புக்கு நேரே வரவில்லை. வேலைக்குப் போகும்போது ஒவ்வொரு நாளும் எதிர்ப்பக்கம் போய் யூ வளைவு எடுக்க வேண்டும். இரண்டு மூன்று நிமிடம் போகும். போகட்டும். முடிவு இன்னும் வரவில்லை. நான் கேட்டது கிடைக்காமலும் போகலாம்.

சங்கத்து அண்ணர் ஒருவர் என்னைப் பார்த்து, "தம்பி, உது எங்கடை நாடே? உவங்கள் முடிவெடுத்துப் போட்டுத்தானே கூப்பிடுறாங்கள்" என்றார். அவர் சொல்வதில் கொஞ்சம் உண்மையும் இருக்கலாம். ஆனால் நான் ஊரிலே கண்டதையும் சொல்ல வேண்டும். யுத்தம் முடிந்த பிறகு எங்கள் வீதியைப் பெருப்பித்தார்கள். ஒருநாள் காலையில் அம்மம்மாவின் மதிலிலே சிவப்பு மையால் ஒரு கோடு. யார் போட்டது, ஏன் அந்த இடத்தில் போட்டது என்று ஒருவரும் சொல்லவில்லை. கோட்டுக்கு வெளியே நின்ற வேப்பமரம் போனது. வீதி வேண்டாம் என்று அம்மம்மா சொல்லியிருக்க மாட்டா. அவ கேட்டதெல்லாம், "என்னட்டை ஒரு சொல்லுக் கேட்டிருக்கலாமே" என்பதுதான். இங்கே அந்த ஒரு சொல்லைக் கேட்டு அட்டை வந்திருக்கிறது. அதைக் குப்பையில் போட எனக்கு மனம் வரவில்லை.

ஆகவே என் வேண்டுகோள். அட்டை வந்தால் வாசியுங்கோ. கருத்துத் தாளிலே பெயரும் முகவரியும் கேட்டார்கள், குடியுரிமை கேட்கவில்லை. வழக்கு முடியாத ஆக்கள் பெயர் எழுதத் தயங்குவது எனக்கு விளங்கும், நானும் அந்த வருடங்களைக் கடந்து வந்தவன். நீங்கள் கண்டதை எங்களிடம் சொல்லுங்கோ, நாங்கள் எழுதுகிறோம். "நல்ல வீதி வேண்டும்" என்று எழுதினால் பலனில்லை. எந்த இடம், எத்தனை மணி, யார் கடக்கிறார்கள், எத்தனை விநாடி, இப்படி எழுதுங்கோ. இங்கிலீசு பிழைத்தாலும் கணக்குப் பிழைக்காது.

அடுத்த வருடப் பிறப்புக்குக் கைவிசேடம் வாங்க வருகிற எங்கள் முதியவர்கள், காருக்காகக் காத்திருக்காமல் நடந்து வந்து சேரக்கூடிய ஒரு வீதியாவது இந்த ஊரிலே அமைய வேண்டும் என்று விரும்பி, எல்லோருக்கும் புத்தாண்டு வாழ்த்துக் கூறி விடைபெறுகிறேன்.