சவர்க்காரம் ஏன் வெடிக்கிறது?



1990 இல் யாழ்ப்பாணத்துக்குப் பொருளாதாரத் தடை வந்தபின் சவர்க்காரத்துக்கு நாங்கள் பட்ட பாடு உங்களில் பலருக்கு நினைவிருக்கும். பனம்பழத்தைப் பிசைந்து, அந்தக் களியில்தான் அம்மா எங்கள் பள்ளிக்கூடச் சட்டைகளைத் தோய்த்துத் தந்தார். கொடியில் காயப்போட்டால் மணத்துக்கு மாடு வந்து சப்பிவிடும். அந்த நினைப்போ என்னவோ, பிறம்ரனுக்கு வந்தபின் வீட்டிலேயே சவர்க்காரம் செய்யப் பழகிக்கொண்டேன்.

போன மாரியில் பெறாமகளின் சாமத்தியவீட்டுக்கு வருவோருக்குக் கொடுக்க நாற்பது கட்டி செய்ய நினைத்தேன். தேங்காயெண்ணெயும் ஒலிவ் எண்ணெயும் கலந்து, மணத்துக்குக் கொஞ்சம் தேனும் விட்டேன். குளிர்தானே என்று அச்சை இரண்டு கம்பளியால் சுற்றி வைத்தேன். ஒரு மணித்தியாலம் கழித்துத் திறந்தால் நடுப்பகுதி பொங்கி, நீளத்துக்கு வெடித்துக் கிடந்தது. குப்பையில் போடப் போனேன். அம்மா மறித்தார். "சவுக்காரத்தை எறியிறதோ பிள்ளை?" என்றார்.

பிழை என்னுடையதுதான். எண்ணெயும் கோஸ்ரிக் சோடாவும் சேரும்போது தானாகவே சூடு பிறக்கும். தேன், பால், சீனி சேர்த்தால் அந்தச் சூடு இன்னும் கூடும். கம்பளி அதை வெளியே போகவிடவில்லை. மேற்பக்கம் இறுகிவிட, உள்ளே சூட்டில் விரிந்த நடுப்பகுதி அதைப் பிளந்துகொண்டு வந்தது.

ஆகவே தேனோ பாலோ சேர்த்தால் போர்த்த வேண்டாம். எண்ணெயும் சோடாக் கரைசலும் 40 பாகை செல்சியஸ் அளவுக்கு ஆறியபின் கலவுங்கள். பாலை உறையவைத்தே பாவியுங்கள். பெரிய அச்சை விடச் சிறு அச்சுகள் சூட்டை விரைவாக விடும். வெடிக்கத் தொடங்கினால் போர்வையை எடுத்துக் குளிரான இடத்துக்கு மாற்றுங்கள். இளக்கமாக இருக்கும்போதே கையுறை போட்ட கையால் அமத்திவிட்டால் வெடிப்பு மூடும்.

சூட்டால் வந்த வெடிப்பு பார்வைக்குத்தான் குறை. ஆனால் கட்டி சோக்கட்டி போல உதிர்ந்தால், அல்லது உள்ளே நீர் தேங்கி நின்றால், சோடா கூடியிருக்கலாம். அதை உடம்பில் போடாதீர்கள். ஒரு கிலோ தேங்காயெண்ணெய்க்கு ஏறக்குறைய 183 கிராம் சோடா பிடிக்கும். ஒலிவ் எண்ணெய்க்கு 135 கிராம் அளவுதான். தோல் காயாமலிருக்க இதிலும் நூற்றுக்கு ஐந்து வீதம் குறைத்தே போடுவோம். எண்ணெயை மாற்றினால் கணக்கையும் மாற்ற வேண்டும். கரண்டிக் கணக்கு உதவாது, தராசு வேண்டும்.

இன்னொன்று. சோடாவைத்தான் தண்ணீரில் போட வேண்டும். சோடாவின் மேல் தண்ணீரை ஊற்றினால் சீறி முகத்தில் தெறிக்கும். அலுமினியப் பாத்திரம் கூடாது. கண்ணாடியும் கையுறையும் போடுங்கள். பிள்ளைகளை அறைக்குள் விடாதீர்கள். தோலில் பட்டால் வினாகிரி பூசாமல், ஓடும் தண்ணீரில் 20 நிமிடமாவது கழுவுங்கள். கண்ணில் பட்டால் கழுவிக்கொண்டே 911 ஐ அழையுங்கள்.

வெடித்த மேற்பக்கத்தைச் சீவி, கட்டிகளாக வெட்டி, ஆறு கிழமை காற்றாட வைத்தேன். சாமத்தியவீட்டில் அதைத்தான் கொடுத்தோம். சீவல்களை அம்மா ஒரு போத்தலில் போட்டு வைத்திருக்கிறார், சட்டை தோய்க்க.